கலை கற்கும் பிள்ளைக்குக் கணக்கும் கற்பிப்போம்

மலையகப் புகையிரதப் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை எட்டிய பின்னர், சூழவுள்ள தோட்டங்களின் தேயிலை நீண்டகாலம் பெட்டி பெட்டியாக இவ்வழியே கொழும்பு சென்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. எனினும் அந்த மதிப்பின் பெரும்பங்கு பணமாக மாறிய இடம் கொழுந்து பறித்த மலை அல்ல. பெயர் சூட்டி, பொதி செய்து, அழகிய படத்தை அச்சிட்டு விற்ற தொலைதூர நகரங்களிலேயே அது பணமாயிற்று. 1890இல் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரின் மளிகை வியாபாரி. தேயிலையை நிறுத்துப் பொதி செய்து, தமது பெயரைப் பொறித்து விற்றதே அவரைப் பெருஞ் செல்வராக்கியது. பொதியின் தோற்றமும் பெயரும் பொருளின் விலையில் எத்துணைப் பங்கு வகிக்கின்றன என்பதற்கு ஊவா மண்ணில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இன்று அந்தத் தோட்டங்களின் பிள்ளைகளும் பதுளை, பண்டாரவளை நகரங்களின் கடைவீதிப் பிள்ளைகளும் வடிவமைப்புக் கலையைக் கற்கின்றனர். சிலர் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டப்படிப்பை நாடுகின்றனர். சிலர் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும், வேறு சிலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கற்கைநெறிகளுக்கும் செல்கின்றனர். தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் பயில்வோர் உண்டு. இவற்றுக்கு அப்பால், அச்சகங்களிலும் டிஜிட்டல் பதாகைக் கடைகளிலும் வேலைக்குச் சேர்ந்து, கண்டும் செய்தும் இத்தொழிலைக் கற்றுக்கொள்வோர் பலர்.

இவர்களின் கைத்திறனில் குறை காண்பதற்கில்லை. வண்ணம், எழுத்துரு, கணினி மென்பொருள் யாவும் அவர்களுக்கு வசப்படுகின்றன. ஆனால், "இதற்கு எவ்வளவு?" என்று வாடிக்கையாளர் கேட்கும் போது நா எழுவதில்லை. தயங்கித் தயங்கி ஒரு தொகையைக் கூறுகின்றனர். அவர் முகம் சுளித்தால் அதனையும் பாதியாக்கி விடுகின்றனர். மூன்றாண்டு, நான்காண்டு கற்ற கல்வி அந்த ஒரு நிமிடத்தில் துணைக்கு வருவதில்லை. வடிவமைப்புக் கல்வியில் வர்த்தக அறிவுக்கு உரிய இடம் அளிக்கப்படாமையின் விளைவு இது.

கூலிக் கணக்கும் சரக்குக் கணக்கும்

தோட்டத்துப் பிள்ளை வீட்டில் கண்டு வளர்ந்தது கூலிக் கணக்கு. பிரட்டுக்களத்தில் பெயர் பதிவாக வேண்டும். குறித்த நிறை கொழுந்து பறிக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். உழைப்பின் விலையை உழைப்பவர் கூறும் வழக்கம் அங்கில்லை. கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ தீர்மானித்த தொகையைப் பெற்றுக்கொள்வதே வழக்கம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இதுவே நிலைமை. இவ்வீட்டிலிருந்து வரும் இளைஞர் தமது வடிவமைப்புக்கும் அதே முறையில் விலை கூறுகிறார். "இரண்டு நாள் வேலை" என்று மனத்துக்குள் கணக்கிட்டு, இரண்டு நாட் சம்பளத்தைக் கேட்கிறார்.

நகரத்துக் கடைவீதியில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது வேறொரு கணக்கு. பதுளையிலும் ஹாலிஎலயிலும் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்யும் முஸ்லிம், தமிழ்க் குடும்பங்களில், கொள்முதல் விலையோடு செலவையும் இலாபத்தையும் சேர்த்து விற்பனை விலை காணப்படுகிறது. சரக்குக்கு இது நேர்த்தியான முறை. ஆனால் ஓர் இலச்சினைக்குக் கொள்முதல் விலை ஏது? தாளும் மையும் செலவாகாத நிலையில், "கணினியில் தானே செய்தாய், காசு எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. வணிகக் குடும்பத்துப் பிள்ளையும் அதற்கு விடை அறியாது நிற்கிறது.

வடிவமைப்பு கூலி வேலையும் அல்ல. கடைச் சரக்கும் அல்ல. அது பயன்பாட்டு உரிமை சார்ந்த பொருள். ஒரு படைப்பை யார், எங்கே, எவ்வளவு காலம், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதற்கே விலை கூறப்படுகிறது. வீடு வாடகைக்கு விடுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வீட்டைக் கட்டிய கொத்தனாரின் கூலியைக் கொண்டு எவரும் வாடகையைத் தீர்மானிப்பதில்லை. மாணவருக்கு முதலில் கற்பிக்க வேண்டிய பாடம் இந்த மூன்றாவது கணக்கே.

ஓர் உதாரணக் கணக்கு

தனியாகத் தொழில் செய்யும் ஓர் இளம் வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்வோம். இங்கு கூறப்படும் செலவுத் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான கற்பனைத் தொகைகளே. அவருக்கும் குடும்பத்துக்கும் மாதம் 60,000 ரூபா தேவை. மின்சாரம், இணைய இணைப்பு, மென்பொருள், கணினியின் தேய்மானம், போக்குவரத்து என்பவற்றுக்கு 15,000 ரூபா செல்கிறது. மொத்தம் 75,000 ரூபா. மாதத்தில் 22 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்று கொண்டால் 176 மணித்தியாலங்கள் உண்டு. ஆனால் வாடிக்கையாளரைச் சந்தித்தல், விலை கூறுதல், பணம் வாங்க அலைதல், புதியன கற்றல் ஆகியவற்றுக்கும் நேரம் செலவாகும். ஆகவே பணம் பெறக்கூடிய உழைப்பு 100 மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. 75,000 ரூபாவை 100ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 750 ரூபா. நோய், வேலை இல்லாத மாதம், புதிய கருவி ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 900 ரூபா.

ஒரு தேயிலைப் பொதிக்கான சுட்டியை வடிவமைக்கத் திருத்தங்கள் உட்பட 20 மணித்தியாலம் ஆகுமாயின், விலை 18,000 ரூபா. கூலிக் கணக்கில் இதே வேலை இரண்டரை நாள். 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தால் 3,375 ரூபா மட்டுமே. இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அறியாதவர், மாதம் முழுவதும் ஓய்வின்றி உழைத்தும் கடனாளியாகவே இருப்பார்.

அந்த 18,000 ரூபாவும் அடிநிலை விலையே. எல்லவில் நான்கு அறைகள் கொண்ட தங்குமிடத்துக்கு வரையும் இலச்சினைக்கும், பல நாடுகளுக்குத் தேயிலை அனுப்பும் ஏற்றுமதியாளருக்கு வரையும் இலச்சினைக்கும் ஒரே அளவு நேரம் செலவாகலாம். ஆனால் பயன்பாட்டின் பரப்பு ஒன்றல்ல. ஆகவே விலையும் ஒன்றாக இருக்க இயலாது.

1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பயின்ற கரோலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி, ஒரு சிறிய பாதணி நிறுவனத்துக்கு இலச்சினை வரைந்து கொடுத்து 35 டொலர் பெற்றார். அதுவே இன்று உலகெங்கும் அறியப்படும் நைக்கி நிறுவனத்தின் அடையாளம். 1983இல் அந்நிறுவனம் அவருக்கு ஒரு மோதிரத்தையும் பங்குகளையும் வழங்கி மதிப்பளித்தது. அது நிறுவனத்தாரின் நல்லெண்ணத்தால் கிடைத்தது. எல்லா முதலாளிகளிடமும் அதனை எதிர்பார்த்து ஒரு மாணவர் தொழிலுக்கு வர முடியாது.

உரிமை யாருக்கு?

எமது நாட்டில் இவ்விடயத்தை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வடிவமைப்பு மாணவர் யாவரும் இதன் சில விதிகளையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

படைப்பை ஆக்கியவரே அதன் பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் ஊழியர் தமது தொழிலின் போது ஆக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின், தொழில்தருநரையே சாரும். வெளியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் செய்து கொடுக்கும் படைப்புக்கும் இவ்வாறே. ஒப்பந்தம் எதுவும் இல்லையேல், அந்த உரிமை பணித்தவருக்கே உரியது. "நான் வரைந்தது, ஆகவே என்னுடையது" என்ற எமது இளைஞரின் நம்பிக்கை இங்கே தகர்ந்து போகிறது. சட்டம் ஒப்பந்தத்துக்கு இடமளித்திருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் எதிர்த்தரப்பினரே நன்மை பெறுவர்.

அதே வேளை, படைப்பில் தமது பெயர் குறிப்பிடப்பட வேண்டும் எனக் கோருவதற்கும், தமது கீர்த்திக்குப் பங்கம் விளைவிக்கும் வகையில் அது சிதைக்கப்படுவதை எதிர்ப்பதற்கும் உள்ள ஒழுக்க உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது. பொருளாதார உரிமை கைமாறிய பின்னரும் இது நிலைக்கும்.

பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைப்பு ஆக்கப்பட்ட உடனேயே அது தோன்றுகிறது. ஆனால் ஒரு பாத்திரத்தின் உருவம், ஒரு துணியின் கோலம் போன்றவற்றைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பாதுகாக்க வேண்டுமாயின், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். பாதுகாப்பு முதலில் 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படும். மேலும் இரு தடவைகள் புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். பதிவுக்கு முன்வைக்கப்படும் வடிவமைப்பு புதியதாக இருத்தல் வேண்டும் என்பதும், விண்ணப்பத்துக்கு முன்னர் பகிரங்கமாகியிருத்தலாகாது என்பதும் பொதுவிதி. இறுதியாண்டுக் கண்காட்சியில் வைத்து, முகநூலிலும் பதிவேற்றிவிட்டுப் பின்னர் பதிவைப் பற்றி யோசிப்பவர் காலம் தாழ்த்தியவராகிறார். மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கும் சாரத்துக்கும் நாடெங்கும் நற்பெயர் உண்டு. அங்கு ஓர் இளம் நெசவாளர் புதிய கோலம் ஒன்றைக் கண்டால், அதனைச் சந்தைக்கு அனுப்புவதற்கு முன்னரே அவருக்கு இவ்விதி தெரிந்திருக்க வேண்டும்.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கை அல்ல

ஒப்பந்தம் என்றதும் எமது சமூகங்களில் ஒரு கூச்சம் தோன்றுகிறது. "தெரிந்த மனிதர் தானே, எழுத்து எதற்கு?" என்று கேட்கிறோம். எழுதக் கேட்பது அவரை நம்பாமையைக் காட்டிவிடும் என அஞ்சுகிறோம். உண்மையில் எமது மரபுகள் இதற்கு மாறான வழியையே காட்டுகின்றன. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணை குறித்த கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, ஒரு வினையில் அழிவது யாது, ஆவது யாது, அதன் பின் கிட்டும் ஊதியம் யாது என்று ஆராய்வதோடு தொடங்குகிறது. எழுத்தும் கணக்கும் உறவைக் கெடுப்பன அல்ல. பின்னாளில் எழக்கூடிய மனக்கசப்பைத் தடுத்து உறவைக் காப்பவை அவையே.

ஓர் எளிய உடன்படிக்கைக்கு இரண்டு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை மாதிரிகள், எத்தனை தடவை திருத்தம், எந்நாளில் ஒப்படைப்பு என்பன அதில் இருத்தல் வேண்டும். மொத்த விலை, முற்பணம், மீதி செலுத்தும் திகதி, இடையில் வேலை நிறுத்தப்பட்டால் கொடுபட வேண்டிய தொகை என்பனவும் குறிக்கப்பட வேண்டும். பயன்பாட்டு உரிமை யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும், வடிவமைப்பாளர் தமது பணித்தொகுப்பில் அதனைக் காட்டலாமா என்பதையும் தெளிவாக எழுதுதல் அவசியம். திருத்தங்களுக்கு எல்லை வகுக்காமையால் முடிவின்றி இழுபடும் வேலைகள் இத்துறையில் அநேகம்.

மொழியும் இங்கே ஒரு பிரச்சினை. கொழும்பு நிறுவனங்கள் நீட்டும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் மொழி மூலம் கற்ற பிள்ளை, விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொண்டு கையெழுத்திடுகிறது. மாதிரி உடன்படிக்கை ஒன்றைத் தமிழில் ஆக்கி, வாசித்து, வாதாடிப் பழகிய மாணவர் ஆங்கில ஒப்பந்தத்திலும் எங்கே நிறுத்தி வினவ வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.

பதிவும் வரியும்

சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் தொழில் நடத்துபவர் அந்தப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனிநபர் தொழிலுக்கான இப்பதிவைப் பிரதேச செயலகத்திலேயே செய்யலாம். இருமொழி நிருவாகத்துக்கெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஹாலிஎலயும் ஒன்று. ஆகவே தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் பதில் பெறுவது இங்குள்ளோரின் உரிமை. பதிவுச் சான்றிதழ் கையிலிருந்தால் தொழிற் பெயரில் வங்கிக் கணக்கு ஆரம்பிக்கலாம். நிறுவனங்களிடம் விலைக்கூறல் சமர்ப்பிக்கவும் அது உதவும்.

வீட்டுப் பணமும் தொழிற் பணமும் ஒரே பையில் இருப்பது அடுத்த குறை. வரவு செலவைத் தனியாக எழுதாதவருக்குத் தாம் இலாபத்தில் இருக்கிறோமா, நட்டத்திலா என்பதே தெரியாது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான வருமானத்துக்கு வரி விடுவிப்பு உண்டு. அதே காலம் முதல், முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த வெளிநாட்டு நாணயச் சேவை வருமானமும் வரிக்கு உட்படுத்தப்பட்டு, அதற்கான உச்ச வீதம் 15 சதவீதமாக வகுக்கப்பட்டது. ஹாலிஎலயில் இருந்தவாறே இணையத்தின் மூலம் மெல்பேர்னுக்கோ டுபாய்க்கோ வேலை செய்து கொடுக்கும் இளைஞருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

பாடத்திட்டத்தில் இடம் எங்கே?

வர்த்தகத்தைப் புகுத்தினால் கலை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உளர். எமது நாட்டின் அனுபவம் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. 1964இல் பெயார்புட் நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி கைத்தறியின் வண்ணங்களில் புதுமை கண்ட கலைஞர். கிராமியப் பெண்களின் நெசவு அவரது வடிவமைப்பால் நிலையான வருமானமாயிற்று. மாத்தளை அளுவிகாரையில் பத்திக், தையல் வேலைப்பாடு, தச்சு, பித்தளை வார்ப்பு ஆகியவற்றை ஊர் மக்களின் தொழிலாக வளர்த்தவர் ஈனா டி சில்வா. இவ்விருவரின் கலையும் வர்த்தகத்தால் தேய்ந்ததாக எவரும் கூறியதில்லை. ஆனால் அவர்களுக்கு வாய்த்த குடும்பப் பின்புலமும் ஆங்கிலமும் கொழும்புத் தொடர்புகளும் லயத்துப் பிள்ளைக்கு வாய்ப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்வது கல்வி நிறுவனத்தின் கடமை.

இன்னொரு மறுப்புக்கும் நியாயம் உண்டு. எல்லோரையும் தொழில் முனைவோராகுமாறு கூறிவிட்டு, வேலைவாய்ப்பு அளிக்கும் பொறுப்பிலிருந்து அரசு நழுவிக்கொள்ளலாகாது. எல்லா வடிவமைப்பாளரும் சொந்த நிறுவனம் நடத்தப் போவதில்லை. ஆனால் ஆடைத் தொழிற்சாலையிலோ விளம்பர நிறுவனத்திலோ சம்பளத்துக்குச் சேர்பவருக்கும் தமது படைப்பின் உரிமை எங்கே செல்கிறது, நியமனக் கடிதம் என்ன கூறுகிறது என்பன தெரிந்திருக்க வேண்டும்.

சொற்களைக் கொண்டு சில நிமிடங்களில் படம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட நிலையில் இத்தேவை மேலும் அவசரமாகிறது. வரையும் நேரத்துக்கு மட்டும் கூலி கேட்பவரின் நிலை இனித் தளர்ந்து போகும். வாடிக்கையாளரின் தேவையை ஆராய்ந்து, அச்சகம் முதல் கடைத் தட்டு வரை பொருளின் பயணத்தை அறிந்து, பொறுப்பேற்றுச் செய்து முடிப்பவருக்கே மதிப்பு நிலைக்கும்.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்த்தலைத் தனது குறிக்கோளாகக் கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் தொழில் முயற்சியாண்மையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தேயிலைக்கு மேலும் பெறுமதி சேர்ப்பதில் பொதியின் வடிவமைப்புக்கும் பங்குண்டு. அப்பல்கலைக்கழகமும், பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியும், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் தொழில்முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இணைந்தால், விடுமுறைக் காலத்தில் ஊர் திரும்பும் வடிவமைப்பு மாணவருக்கென ஒரு குறுங்கால வகுப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துவது பெருஞ் செலவான காரியமன்று. பாடமும் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. இப்பகுதியின் சிறு தேயிலைப் பொதியாளர், தையற்கடை, பேக்கரி, தங்குமிடம் ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தெரிந்தெடுக்கட்டும். விலைக்கூறல் எழுதி, உடன்படிக்கை செய்து, வேலையை முடித்து, பற்றுச்சீட்டு வழங்கிப் பணத்தைப் பெறட்டும். வரைந்த படத்துக்குப் புள்ளியிடும் ஆசிரியர், இந்தத் தாள்களுக்கும் புள்ளியிடட்டும்.

உயர்தரத்தில் சித்திரம் பயிலும் பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது எமது வீடுகளில் வழக்கம். பசியை அறிந்தவர்களின் நியாயமான கேள்வி அது. அதற்குப் பொறுப்பான விடை கூற வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைக்குப் பட்டமும் சான்றிதழும் வழங்கும் நிறுவனத்தாரே. விலை கூறத் தெரியாமல் ஒரு வடிவமைப்பாளரை அவர்கள் வெளியே அனுப்பினால், ஊவாத் தேயிலைக்கு நேர்ந்தது அவரது படைப்புக்கும் நேரும். வேலை இங்கே நடக்கும். பெயரும் பணமும் வேறிடத்தில் சேரும்.